அறுவைக்குப் பின் தொடங்கும் செவி

மனிதக் காதின் நத்தைச்சுருளுக்குள் ஒலியை நரம்புக்கு மாற்றிக் கொடுக்கும் உள்வரிசை மயிரிழைச் செல்கள் சுமார் 3,500. அங்கிருந்து மூளை நோக்கிக் கிளம்பும் நரம்பிழைகள் ஏறத்தாழ 30,000. இந்த ஏற்பாடு சிதைந்துபோன ஒரு காதுக்குள் காக்ளியர் இம்ப்ளாண்ட் கொண்டுபோய் வைப்பதோ, தயாரிப்பைப் பொறுத்து, 12 முதல் 22 மின்முனைகள். 1960-களில் இந்த யோசனையைக் கேள்விப்பட்ட நரம்பியல் அறிஞர்கள் பலர் இது நடக்காத காரியம் என்றார்கள். அவர்களுடைய கணக்கில் பிழை எதுவும் இல்லை. ஆனாலும் உலகில் இன்று 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. அணிந்தவர்களில் கணிசமானோர் எதிராளியின் உதட்டைப் பார்க்காமல் போனில் பேசுகிறார்கள். பிறவியிலேயே கேட்காத குழந்தைகள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் படிக்கிறார்கள்.

30,000 இழைகளுக்கும் 22 முனைகளுக்கும் நடுவே உள்ள பள்ளத்தை நிரப்புவது மூளை. கருவியின் வரலாறு, அதன் வகைகள், குழந்தைகளின் முன்னேற்றம், அரசுத் திட்டங்களின் தடுமாற்றம் என எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் இந்த இடத்துக்கே வந்து சேர்கிறோம். நம் பணமும் கவனமும் மட்டும் இதற்கு நேர்மாறான வரிசையில் செலவாகின்றன. அறுவைக்கு எல்லாமும், அதன் பிறகு வருவதற்கு மிச்சம் இருப்பதும்.

கருவி வேலை செய்யும் முறை கேட்பதற்கு எளிமையானது. காதுக்குப் பின்னால் மாட்டும் வெளிக்கருவியை நம் ஊர்ப் பெற்றோர் ‘பிராசசர்’ என்றோ வெறுமனே ‘மெஷின்’ என்றோ சொல்வார்கள். அதன் மைக் ஒலியை வாங்குகிறது. உள்ளே இருக்கும் சில்லு அதை அதிர்வெண் வாரியாகப் பிரிக்கிறது. பிரித்த தகவல், காந்தத்தால் தலையில் ஒட்டி நிற்கும் காயில் வழியாக, தோலுக்கு அடியில் பதித்த ஏற்பிக்கு வானொலி அலையாகப் போகிறது. ஏற்பியிலிருந்து மெல்லிய மின்முனை இழை நத்தைச்சுருளுக்குள் நுழைந்து நரம்பை நேரடியாகத் தூண்டுகிறது. சுருளின் வாயில் பகுதி கீச்சுக் குரல்களுக்கும், உச்சிப் பகுதி கனத்த குரல்களுக்கும் உரியவை. இந்த இடக்கணக்கை ஆராய்ந்து விளக்கிய கேயோர்க் ஃபான் பேக்கேஷிக்கு 1961-இல் நோபல் பரிசு கிடைத்தது. இடத்துக்கு ஒரு சுரம் என்று இயற்கையே பிரித்து வைத்திருப்பதால்தான் சில முனைகளைக்கொண்டு இந்த வித்தையைச் செய்ய முடிகிறது.

செய்ய முடியும் என்று முதலில் காட்டியவர்கள் பாரிஸ்காரர்கள். 1957 பிப்ரவரி 25 அன்று, நோயால் இரு காதும் இழந்த ஒருவரின் செவிநரம்பில் சார்ல் ஏரியெஸ் என்ற மருத்துவர் ஒரு மின்சுருளைப் பதித்தார். அதை வடிவமைத்தவர் ஆந்த்ரே ஜூர்னோ. நோயாளிக்குப் பேச்சின் ஏற்ற இறக்கம் தெரிந்தது. சில சொற்களைப் பிரித்தறியவும் பழகினார். கருவி பழுதாகி, இரண்டாவதும் பழுதான பிறகு ஏரியெஸுக்கும் ஜூர்னோவுக்கும் ஒத்துப்போகவில்லை. கண்டுபிடிப்பை ஒரு நிறுவனத்துக்கு மட்டும் எழுதிக்கொடுப்பது ஜூர்னோவின் கொள்கைக்கு ஒவ்வாதது. முயற்சி அங்கேயே நின்றது. ஆனால் அதைப் பற்றிய ஒரு பத்திரிகைச் செய்தியை லாஸ் ஏஞ்சலஸில் ஒரு நோயாளி தன் மருத்துவர் வில்லியம் ஹவுஸிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். ஹவுஸ் 1961-இல் தன் முதல் கருவிகளைப் பதித்தார். அவருடைய ஒற்றை மின்முனைக் கருவியே 1984-இல் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏவின் ஒப்புதலை முதலில் பெற்றது.

ஒற்றை முனையால் என்ன கேட்டது? 1977-இல் பிட்ஸ்பர்கில் 13 பேரைப் பரிசோதித்து வெளியான பில்ஜர் அறிக்கை பதில் சொன்னது. ஒலியை மட்டும் வைத்து அவர்களால் பேச்சைப் புரிந்துகொள்ள முடியவில்லை. ஆனால் உதட்டைப் படிப்பது எளிதாகியிருந்தது, சொந்தக் குரலின் மேல் கட்டுப்பாடு வந்திருந்தது, வாழ்க்கை மேம்பட்டிருந்தது. எள்ளி நகையாடியவர்கள் வாயை மூடிக்கொள்ள அது போதுமானதாக இருந்தது.

அதே ஆண்டின் டிசம்பரில் வியன்னாவில் இங்கெபோர்க் ஹோக்மயர், எர்வின் ஹோக்மயர் தம்பதி உருவாக்கிய பல்முனைக் கருவி ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. 1978 ஆகஸ்ட் 1 அன்று மெல்போர்னில் கிரேம் கிளார்க் தன் பல்முனைக் கருவியை ராட் சாண்டர்ஸ் என்பவருக்குப் பொருத்தினார். கிளார்க்கின் தந்தை மருந்துக் கடைக்காரர், காது மந்தம். வாடிக்கையாளர் கேட்ட மருந்து இன்னதென்று புரியாமல் தந்தை தவிப்பதைப் பார்த்து வளர்ந்தவர் அவர். சுருளுக்குள் மின்முனை இழையைச் சேதமில்லாமல் எப்படிச் செலுத்துவது என்று விழித்துக்கொண்டிருந்தபோது, கடற்கரையில் ஒரு சங்குக்குள் புல் இதழை நுழைத்துப் பார்த்தார். அடியில் விறைப்பாகவும் நுனியில் தளர்வாகவும் இருந்த புல் வளைந்து வளைந்து உள்ளே போயிற்று. இழையின் வடிவம் அப்படிப் பிறந்தது. சாண்டர்ஸுக்குக் கருவி வழியாக நாட்டு வாழ்த்தைப் போட்டுக் காட்டியதும் அவர் எழுந்து நின்றுவிட்டார். மெட்டைவிடத் தாளமே அவருக்கு அதிகம் கைகொடுத்திருக்கும்.

பொதுவாக இந்தக் கதையில் அறுவை மருத்துவர்களே நாயகர்கள். என் பார்வையில் திருப்புமுனை ஒரு மென்பொருள் யோசனை. மின்முனைகள் எல்லாம் ஒரே நேரத்தில் துடித்தால் உள்ளேயுள்ள திரவத்தில் மின்சாரம் ஒன்றோடொன்று கலந்து குழம்பிவிடும். ஒன்றன்பின் ஒன்றாக, மிக வேகமாக, முறை வைத்துத் துடிக்கவிட்டால் குழப்பம் குறையும் என்று பிளேக் வில்சன் குழுவினர் 1991-இல் ‘நேச்சர்’ இதழில் காட்டினார்கள். அதே மின்முனைகள்தாம்; கணக்கு மட்டும் மாறியது; பேச்சு புரிவது சட்டென்று உயர்ந்தது. அந்த முறையை யாரும் பயன்படுத்தலாம் என்று பொதுவில் விட்டார்கள். கிளார்க், இங்கெபோர்க் ஹோக்மயர், வில்சன் மூவருக்கும் 2013-இல் லாஸ்கர் விருது சேர்த்து வழங்கப்பட்டது.

இவ்வளவு குறைந்த தகவலை வைத்துக்கொண்டு மூளை எப்படிப் பேச்சை உருவாக்கிக்கொள்கிறது என்பதற்கு 1995-இல் ராபர்ட் ஷானன் குழுவினர் நடத்திய சோதனை நல்ல சான்று. நன்றாகக் காது கேட்பவர்களுக்கே, பேச்சை நான்கு அதிர்வெண் பட்டைகளாகச் சுருக்கி, நுணுக்கங்களையெல்லாம் உதிர்த்து, இரைச்சலாக மாற்றிக் கொடுத்தார்கள். சிறிது பழகியதும் அவர்கள் வாக்கியங்களைப் பிடித்துவிட்டார்கள். ஏற்கெனவே மொழி தெரிந்த மூளைக்கு நான்கு பட்டைகளே போதும். மொழியே தெரியாத குழந்தைக்குப் போதாது. இந்த வேறுபாட்டைப் பிறகு நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.

கருவி வழியாக வரும் தமிழ் எப்படி இருக்கும்? மின்சாரம் அருகிலுள்ள நரம்புகளுக்கும் பரவிவிடுவதால், கையுறை போட்ட விரலால் வீணையின் மெட்டை அழுத்துவதுபோல, ஓரிடத்தைத் தொட்டால் நாலைந்து இடம் சேர்ந்து ஒலிக்கிறது. எனவே நேர அளவில் இருக்கும் வேறுபாடுகள் தெளிவாகப் போய்ச் சேர்கின்றன. அதிர்வெண்ணின் நுண்ணிய வேறுபாடுகள் மங்குகின்றன. ‘படி’க்கும் ‘பாடி’க்கும், ‘படம்’ என்பதற்கும் ‘பட்டம்’ என்பதற்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் கால அளவு. குறில் நெடிலும் ஒற்று இரட்டித்தலும் தமிழுக்குக் கிடைத்த நல்ல சாதகம் என்றே சொல்வேன். லகர, ளகர, ழகரமும் றன்னகர டண்ணகரமும் வேறு கதை. அவற்றைக் காட்டிக்கொடுப்பது அதிர்வெண்ணின் வளைவு நெளிவு. அங்கேதான் கருவி தடுமாறும். (கருவி இல்லாத நம்மில் பாதிப்பேருக்கும் ழகரத் தகராறு உண்டு என்பது வேறு விஷயம்.) பேச்சுப் பயிற்சியின் பாடத்தைத் தமிழின் இந்த ஒலிக்கணக்கை வைத்தே அமைக்க வேண்டும். ஆங்கிலச் சொற்பட்டியலை மொழிபெயர்த்து வைத்துக்கொண்டு தமிழ்க் குழந்தையைச் சோதிப்பதில் அர்த்தமில்லை.

இசை விஷயத்தில் ஏமாற்றம் அதிகம். தாளம் கேட்கும், ராகம் நழுவும். கமகத்தின் நுட்பம் 22 முனைகளில் அடங்காது. இளம் வயதில் பாட்டுக் கேட்டு வளர்ந்து பிறகு செவியிழந்தவர்களுக்கு இது பெரும் குறை. அறுவைக்கு முன்பே அவர்களிடம் சொல்லிவிட வேண்டிய உண்மையும்கூட. கல்யாண மண்டபத்துக் கூச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் இதேபோல் கடினம்தான்.

‘காதுக்குள் வைக்கும் மெஷின்’ என்றாலே காக்ளியர் இம்ப்ளாண்ட் என்று நினைப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. உள்காது நன்றாக இருந்து, ஒலி போகும் பாதை மட்டும் அடைபட்டவர்களுக்கு அது தேவையே இல்லை. பிறவியிலேயே காதுத் துளை இல்லாதவர்கள், நாள்பட்ட சீழ் வடிதலால் சாதாரணக் காது மெஷினைச் செருக முடியாதவர்கள் போன்றோருக்கு எலும்பு வழியாக ஒலியை அனுப்பும் கருவி இருக்கிறது. ஸ்வீடனின் பெர்-இங்வார் பிரானமார்க், டைட்டானியம் எலும்போடு ஒட்டி உறவாடும் என்று கண்டறிந்திருந்தார். பல்லுக்குப் பயன்பட்ட அந்த அறிவை 1977-இல் ஆண்டர்ஸ் ட்யெல்ஸ்ட்ரோம் காதுக்குப் பின்னுள்ள எலும்புக்குக் கொண்டுவந்தார். திருகாணி பதிக்க மண்டையோடு போதிய தடிமன் பெறாத சிறு குழந்தைகளுக்கு, அதே கருவியைத் துணிப்பட்டையில் கோத்து நெற்றியைச் சுற்றிக் கட்டலாம். கத்தி படாமல், முதல் வயதுக்குள்ளேயே தொடங்கிவிடக்கூடிய இந்த ஏற்பாட்டைக் காதுத் துளையில்லாத குழந்தையின் பெற்றோர் பலர் கேள்விப்பட்டதே இல்லை.

நடுக்காதின் சிற்றெலும்பில் கவ்விக்கொண்டு அதை அதிரவைக்கும் கருவி இன்னொரு வகை. அதை உருவாக்கிய ஜெஃப்ரி பால் தானே செவித்திறன் குறைந்த பொறியாளர். தன் கண்டுபிடிப்பைத் தன் காதிலேயே பொருத்திக்கொண்டவர். செவிநரம்பே இல்லாதவர்களுக்கும், கட்டியால் அது அழிந்தவர்களுக்கும் மூளைத்தண்டிலேயே மின்முனைத் தகட்டை வைக்கும் அறுவை உண்டு. ஹவுஸும் நரம்பறுவை மருத்துவர் ஹிட்செல்பர்கரும் 1979-இல் தொடங்கிவைத்தது, சென்னையிலும் நடக்கிறது. பலன் காக்ளியர் இம்ப்ளாண்ட் அளவுக்கு வருவதில்லை, ஆபத்தும் கூடுதல். வேறு வழியே இல்லாதவர்களுக்கு மட்டுமே உரியது.

குழந்தைகள் விஷயத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் இந்தப் பேச்சின் மையம் அதுதான். பிறந்ததிலிருந்து ஒலி வராத மூளைப்பகுதி சும்மா காத்திருப்பதில்லை. பார்வை போன்ற பிற வேலைகள் அந்த இடத்தைப் பங்குபோட்டுக்கொள்ளத் தொடங்குகின்றன. அனு சர்மாவும் சகாக்களும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றரை வயதுக்குள் கருவி பெற்ற குழந்தைகளின் மூளை அலைகள் சில மாதங்களில் வயதுக்கேற்ற நிலைக்கு வந்துவிட்டன. ஏழு வயதுக்குப் பின் பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு வரவில்லை. ஒரு வயதை ஒட்டிச் செய்துவிடுவதே நல்லது என்பதை மருத்துவ உலகம் இப்போது ஏறக்குறைய ஒருமனதாக ஏற்கிறது. அமெரிக்காவில் 2020 முதல் ஒன்பது மாதக் குழந்தைக்கும் ஒப்புதல் உண்டு.

அவ்வளவு சீக்கிரம் செய்ய, அதைவிடச் சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும். ‘அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்’ என்று வீட்டுப் பெரியவர்கள் சமாதானம் சொல்லும் இரண்டு ஆண்டுகள்தாம் உண்மையில் விலைமதிப்பில்லாதவை. பிறந்த ஓரிரு நாளில், தூங்கும் குழந்தையின் காதில் சிறு முனையை வைத்துச் செய்யும் ஓஏஇ பரிசோதனைக்குச் சில நிமிடம் போதும். அதில் ஒரு ஓட்டை உண்டு. மயிரிழைச் செல் சரியாக இருந்து, நரம்புக்குத் தகவல் கைமாறும் இடத்தில் பழுது இருந்தால், இந்தச் சோதனையில் குழந்தை தேறிவிடும். குழந்தைக்கு மட்டும் கேட்காது. நரம்பலையைப் பதியும் பெரா பரிசோதனையே அதைப் பிடிக்கும். சொந்தத்தில் திருமணம் செய்யும் வழக்கம் தென்னிந்தியாவில் நீடிப்பதால் மரபுவழிச் செவித்திறன் இழப்பு இங்கே கூடுதல். மாமன் மகளைக் கட்டியவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதால் பயனில்லை. அந்தக் குடும்பங்களில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு பரிசோதனையையும் தவறாமல் செய்வதில் பயன் இருக்கிறது.

பணம் பழைய தடை. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக்கருவி வழங்கும் மத்திய அரசின் அடிப் திட்டம் 2014-இல் ஆண்டுக்கு 500 குழந்தைகளுக்கு, ஒரு கருவிக்கு 6 லட்சம் ரூபாய் வரை தர ஏற்பாடு செய்தது. கேரளம் 2012-இல் ‘ஸ்ருதிதரங்கம்’ தொடங்கியது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இலவசமாகச் செய்கிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் இந்த அறுவை இன்று வழக்கமான காரியம். கூலி வேலை செய்பவரின் பிள்ளைக்கும் தொழிலதிபரின் பிள்ளைக்கும் ஒரே கருவி என்ற நிலையை எட்டியது சாதாரண விஷயமில்லை. அதை முதலில் ஒப்புக்கொண்டுதான் குறை பேச வேண்டும்.

குறை இதுதான்: திட்டம் அறுவையை எண்ணுகிறது, கேட்கும் குழந்தையை எண்ணுவதில்லை. அறுவை இரண்டு மூன்று மணி நேரம். சில வாரங்களில் ‘ஸ்விட்ச் ஆன்’. இணையத்தில் பரவும் காணொளிகளில் குழந்தை திடுக்கிட்டுச் சிரிக்கும், தாய் அழுவாள். நிஜத்தில் பல குழந்தைகள் அந்த நாளில் பயந்து வீறிடும். மின்முனை ஒவ்வொன்றுக்கும் மின்னளவைத் திருத்தும் மேப்பிங் அதன் பிறகு பல முறை நடக்க வேண்டும். வாரந்தோறும் ஸ்பீச் தெரபி, ஓரிரு ஆண்டாவது. மூளை மொழியைக் கட்டுவது அங்கேதான். கிராமத்திலிருந்து மாவட்டத் தலைநகருக்கு இரண்டு பஸ் மாறி வரும் தாய்க்கு ஒவ்வொரு வகுப்பும் ஒரு நாள் கூலி. பயிற்சி பெற்ற செவித்திறன் வல்லுநர்கள் பெருநகரங்களில்தான் குவிந்திருக்கிறார்கள். வீட்டிலேயே சமையல், குளியல், கடைத்தெரு என எந்நேரமும் பேசிக்கொண்டே இருக்கச் சொல்லித்தரும் முறைதான் நமக்குக் கட்டுப்படியாகும். 1969 முதல் சென்னையில் இயங்கும் பால வித்யாலயா, தாயையும் வகுப்பில் உட்காரவைத்தே சிறு குழந்தைகளுக்குப் பேச்சு பழக்குகிறது. வழி தெரியாமல் இல்லை.

பிறகு வெளிக்கருவி. உள்ளே இருப்பது பல பத்தாண்டு ஓடும் என்று வடிவமைக்கப்பட்டது. வெளியே இருப்பது வியர்வையிலும் மழையிலும் விளையாட்டிலும் அடிபடும். கேபிள் அறும், காயில் போகும், பேட்டரி தீரும். சில ஆண்டுகள் கழித்து அந்த மாடலுக்கு உதிரிபாகம் வராது என்று நிறுவனம் அறிவிக்கும். புதிய பிராசசரின் விலை லட்சங்களில். அது இல்லாத நாளிலிருந்து, பேசக் கற்ற குழந்தை மறுபடியும் எதுவும் கேட்காத குழந்தை. கேரளத்தில் பெற்றோர் இதை எழுப்பிய பிறகே பராமரிப்பும் மேம்படுத்தலும் அரசின் பேச்சுக்குள் வந்தன. உலகச் சந்தை மூன்று பெரிய நிறுவனங்களின் கையில் இருப்பதும், ஒன்றின் உதிரிபாகம் இன்னொன்றுக்குப் பொருந்தாததும் விலையை உயரத்திலேயே பிடித்து நிறுத்துகின்றன. மத்திய அரசின் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான டிஆர்டிஓவின் விசாகப்பட்டின ஆய்வகம் உள்நாட்டுக் கருவியில் இறங்கியது இந்தக் காரணத்தால்தான். டெண்டரில் கருவியின் விலையோடு பத்தாண்டுப் பராமரிப்பையும் சேர்த்துக் கேட்பது அரசால் இன்றே முடிகிற காரியம்.

ஆபத்துகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். முகநரம்புக்கு அருகில் துளையிடுவதால் முகம் கோணும் வாய்ப்பு உண்டு. தேர்ந்த கைகளில் அரிது. எஞ்சியிருந்த சொற்பச் செவித்திறன் போய்விடலாம். மூளைக்காய்ச்சல் அபாயம் 2002-இல் வெளிப்பட்ட பிறகு நிமோகாக்கல் தடுப்பூசி கட்டாயமாகிவிட்டது. காந்தம் இருப்பதால் எம்ஆர்ஐ எடுக்கும் முன் கருவியின் மாடலைச் சொல்ல வேண்டும். புதிய மாடல்களில் இந்தத் தொல்லை குறைந்திருக்கிறது.

இந்தக் கருவியையே வேண்டாம் என்றவர்களும் உண்டு. அமெரிக்கக் காதுகேளாதோர் தேசியச் சங்கம் 1991-இல், குழந்தைகளுக்குப் பொருத்துவதைக் கடுமையாக எதிர்த்தது. செவிப்புலன் இல்லாமை நோயே இல்லை, சைகை மொழி பேசும் எங்களை ஒரு மொழிச் சமூகமாகப் பாருங்கள் என்பது அவர்கள் வாதம். 2000-இல் அச்சங்கம் நிலைப்பாட்டைத் தளர்த்தி, கருவியையும் ஒரு வழியாக ஏற்றது. காது கேளாத குழந்தைகளின் பெற்றோரில் மிகப் பெரும்பான்மையினர் கேட்பவர்கள். தம் மொழியைப் பிள்ளையோடு பேச விரும்பும் அவர்களைக் குறைசொல்ல நான் தயாரில்லை. ஆனால் அந்தச் சங்கத்தின் வாதத்தில் ஒரு பகுதி அசைக்க முடியாதது: எந்த மொழியும் இல்லாமல் ஒரு குழந்தையின் முதல் ஐந்து ஆண்டு கழிவதுதான் பேரிழப்பு. சைகை காட்டினால் பேச்சு வராது என்று பெற்றோரை மிரட்டும் பழக்கம் நம் சிகிச்சை அறைகளில் இன்னும் இருக்கிறது. கருவி பலன் தராமல் போகும் குழந்தைகளும் இருக்கிறார்கள், பிராசசர் பழுதாகிக் கிடக்கும் மாதங்களும் இருக்கின்றன. அப்போது கைவசம் இன்னொரு மொழி இருப்பது பாதுகாப்பு. 2015-இல் டெல்லியில் இந்திய சைகை மொழி ஆய்வு மையம் வந்தது. மாவட்ட அளவில் பெற்றோருக்குக் கற்றுத்தரும் ஏற்பாடு இன்னும் வரவில்லை.

அடுத்தது என்ன என்று கேட்டால் மரபணுச் சிகிச்சையைக் கைகாட்டுவார்கள். ஓட்டோஃபெர்லின் என்ற புரதம் இல்லாமல் பிறந்த ஆறு குழந்தைகளுக்கு ஷாங்காயில் மரபணுவைக் காதுக்குள் செலுத்தியதில் ஐந்து பேருக்குச் செவித்திறன் திரும்பியதாக 2024 ஜனவரியில் ‘லான்செட்’ இதழில் வெளியானது. ஓஏஇ பரிசோதனையில் தேறிவிடும் என்று மேலே சொன்னேனே, அந்த வகைக் குழந்தைகள்தாம் இவர்கள். பிறவிச் செவித்திறன் இழப்பில் மிகச் சிறு பங்கு. மற்ற மரபணுக்களுக்கு நீண்ட தூரம் போக வேண்டும். வெளியே எதுவும் மாட்டத் தேவையில்லாத, முழுவதும் உள்ளடங்கிய காக்ளியர் இம்ப்ளாண்ட்டும் சோதனையில் இருக்கிறது.

இவற்றைவிட உடனடியாக வரப்போவது முதியவர்களின் வரிசை. உலகில் 43 கோடிப் பேருக்குச் சிகிச்சை தேவைப்படும் அளவுக்குச் செவித்திறன் குறைவு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2021 அறிக்கையில் சொல்கிறது. 2050-இல் 70 கோடி. பெரும்பகுதி வயதானவர்கள். இவர்களில் காது மெஷினே போதாத நிலைக்குப் போனவர்களுக்கு வளர்ந்த நாடுகளிலேயே பத்தில் ஒருவருக்குக்கூட இம்ப்ளாண்ட் கிடைப்பதில்லை. நம்மிடம் குழந்தைகளுக்கு 6 வயது என்ற கோடு இருக்கிறது. 60 வயதுக்கு எந்தக் கோடும் கிடையாது, திட்டமும் கிடையாது. ஷானன் சோதனையின்படி பார்த்தால் எளிதாகப் பலன் பெறக்கூடியவர்கள் இவர்களே. வாழ்நாள் முழுக்கப் பேசிய மொழி மூளையில் இருக்கிறது. அதைக் கட்ட இரண்டாண்டுப் பயிற்சி வேண்டியதில்லை. கேட்காமல் போய் ஆண்டுகள் கூடக்கூடப் பலன் குறையும். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, போனில் கூப்பிட்டால் ‘ஒண்ணும் கேக்கலப்பா, பக்கத்து வீட்டுல சொல்லு’ என்று வைத்துவிடும் தாய் தந்தையரை ஒரு செவித்திறன் பரிசோதனைக்குக்கூட யாரும் அழைத்துப் போவதில்லை.